மைக் இல்லாமப் பாடப்போறாவளாம்

ஏலே மக்கா, நீ போன்ல சொன்னதை உங்க ஆச்சிகிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். மூணு தடவையும் அவ நம்பலை. "மைக் இல்லாமயா? ஏன், பய கரண்டு பில்லு கட்டலையாமா?"ன்னு கேக்கா.

பெங்களூர்ல லீவு போட்டுட்டு வந்து, நம்ம ஊரு சமுதாயக் கூடத்துல அம்பதே அம்பது பேரை உக்கார வச்சு வில்லுப்பாட்டு நடத்தப் போற. சந்தோசம். அதுக்கு அந்நியோன்னியக் கச்சேரின்னு ஒரு பேரும் வச்சிருக்கியாம். அந்தப் பேரை மட்டும் நோட்டீஸ்ல போட்டுராத எய்யா. இந்த ஊருல அந்நியோன்னியம்னா அது புருசன் பொண்டாட்டி சங்கதி. அம்பது பேருக்குப் பதிலா ஐநூறு பேரு வந்து ஜன்னல்ல தொங்குவான்.

நீ என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச கணக்காச் சொல்லுதியே, நான் டவுசர் போட்ட காலத்துல நம்ம இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்கே கிடையாது. கொள்கை ஒண்ணும் இல்லலே, கரண்டு கிடையாது. ரெண்டு பெட்ரமாக்ஸ் லைட்டு புஸ்ஸுன்னு இரைஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த இரைச்சலுக்கு மேல ஏறிப் புலவர் பாடணும். பாடுனாவ. நாங்க மண்ணுல குப்புறப் படுத்துக்கிட்டு, தாடைக்குக் கையை முட்டுக் கொடுத்துக் கேட்டோம்.

அதுக்காக மைக்கைத் திட்டுதேன்னு நினைச்சுராத. ராத்திரி ஆரம்பிச்சு விடிய விடியப் பாடுதவனுக்கு மைக் வந்தது பெரிய புண்ணியம். நாகர்கோவில்காரர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லைக் கோயில் வாசல்ல இருந்து தூக்கிப் பட்டணத்து மேடையில வச்சாரு. நம்ம சத்திரம் புதுக்குளத்து சுப்பு ஆறுமுகம் அவருகிட்டப் போய்ச் சேந்து, மெட்ராசுல உக்காந்து ரேடியோ, டிவின்னு ஒரு ஆயுசு பூராப் பாடி, 2021ல பத்மஸ்ரீயும் வாங்கிட்டு, மறு வருசம் போய்ச் சேந்தாரு. மைக் இல்லேன்னா இதெல்லாம் நடந்திருக்குமா?

ஆனா நம்ம ஊருக்குள்ள அது செஞ்ச வேலை வேற. ரேடியோ செட்டுக்காரன் வேப்பமரத்துல நாலு கொழாய் ஸ்பீக்கரைக் கட்டுனான் பாரு, கோயில் முன்னால கிடந்த சனம் மறு வருசமே வீட்டுத் திண்ணைக்குப் போயிட்டு. அதுக்கு மறு வருசம் கட்டிலுக்குப் போயிட்டு. பாட்டுதான் வீடு தேடி வருதே, நாம எதுக்குப் பனியில கிடக்கணும்? ஒரு கொடையில நடுச்சாமத்துல நானே எண்ணிப் பாத்தேன். வில்லுக்கு முன்னால பதினோரு உருப்படி. அதுல மூணு நாயி, ரெண்டு பேரு தூங்குதான், ஒருத்தன் செட்டுக்காரன். பாட்டு என்னமோ நாலு ஊருக்குக் கேக்கு. அதனால நீ மைக்கை எடுத்துட்டாப் பாட்டு நல்லாருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆளு எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்துதான் ஆகணும், வேற வழி இருக்காது.

இப்பக் காரியத்துக்கு வா. முதல்ல அந்தக் கூடத்துக்கு நடுவுல போயி நின்னு ஓங்கி ஒரு தரம் கையைத் தட்டு. நீ ஒரு தரம் தட்டுவ, சுவரு அது பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கும். கல்யாணத்துல பந்தி பரிமாறக் கட்டுன கூடம்லா அது. நாலு பக்கமும் சிமெண்டு, கீழ டைல்ஸ். அங்க போயி "மாடன் வந்தான்"னு புலவர் பாடுனாவன்னா, "வந்தான், தான், தான்"னு பின்னாலயே நாலு மாடன் வருவான். சிமெண்டுக்குச் சத்தத்தை முழுங்கத் தெரியாது, துப்பத்தான் தெரியும். முழுங்குததுக்குத் துணி வேணும், சாக்கு வேணும், மனுசன் வேணும்.

அழகா இருக்குன்னு பத்தமடைப் பாயைச் சுவத்துல மாட்டிப் போட்டோ எடுக்கணும்னு உனக்குத் தோணும். மாட்டிக்கோ. அது கல்யாணப் பத்திரிகை கணக்கா மெலிசு, ஒண்ணும் முழுங்காது. உங்க ஆச்சி கட்டிலுக்குக் கீழ ரெண்டு பழைய ஜமுக்காளம் கிடக்கு. அதையும் ரேசன் கடைச் சாக்கையும் சேத்துத் தைச்சுப் பின்சுவத்துல தொங்கவிடு. சுவத்தோட ஒட்டாம நாலு விரக்கடை தள்ளித் தொங்கவிடணும். அந்தச் சந்துதான் பாதிச் சத்தத்தைத் தின்னும். எலி மணம் அடிக்கும், நாட்டுப்புற மணம்னு உன் பெங்களூர்ச் சேக்காளிகள்கிட்டச் சொல்லிக்கோ.

பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுக்காத. ஒவ்வொருத்தன் நகந்து உக்காரும்போதும் அது ஒரு சுருதியில கீச்சுங்கும். வயசாளிக்குச் சுவரோரம் ரெண்டு பெஞ்சு, மத்தவன் எல்லாம் தரையில. மேடை வேண்டாம். வில்லு தரையில, மூணு பக்கமும் சனம், நாலு வரிசைக்கு மேல போகாம. வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் இறங்கிரும்னு டீக்கடையில நம்ம பிசிக்ஸ் வாத்தியார் சொல்லுவாரு. எனக்கு டெசிபல் தெரியாது. நாலாவது வரிசைக்குப் பின்னால உக்காந்தவன் வயக்காடு விலை பேச ஆரம்பிச்சிருவான், அது தெரியும்.

காத்தாடி ஒண்ணு இருக்கு பாரு, அதான் உனக்குப் பெரிய எதிரி. கூடத்துல ஆறு ஓடுது, ஆறும் ஆறு தாளம். காப்புப் பாட்டு எடுக்கையில எல்லாத்தையும் அணைச்சிரு. அணைச்சாக் கொசு வரும். கொசுவுக்கு வேப்பிலைப் புகை போடலாம்னு அறிவாளி எவனாவது சொல்லுவான். போட்டா அந்தப் புகை நேராப் புலவர் தொண்டைக்குத்தான் போகும். அதனால ஒரு மணி நேரம் முன்னாலயே போட்டுட்டு, கதவைத் திறந்து ஆத்திரு. மிச்சக் கொசு கடிக்கட்டும். காசு கொடுக்காமக் கேக்க வந்தவன் கொஞ்சம் ரத்தமாவது கொடுக்கட்டுமே.

உடுக்கைக்காரருகிட்ட வாச்சைக் காட்டி "ஸ்டார்ட் பண்ணலாமா அண்ணாச்சி"ன்னு போயி நிக்காத. மழைநாள்னா தோலு தொய்ஞ்சு கிடக்கும், அவரு அதைச் சூடு காட்டி, தட்டிப் பாத்து, கயித்தை இழுத்து, மறுபடி சூடு காட்டுவாரு. அந்த நேரத்துல சனத்துக்குச் சுக்குக்காப்பியை ஊத்து. கொழாய்ல கேக்கையில உடுக்கை டப்பு டப்புன்னு ஒரே கணக்காத்தான் கேட்டுச்சு எனக்கு. பக்கத்துல உக்காந்தாத்தான், அவரு இடுப்புக் கயித்தை அமுக்கும்போது சத்தம் மேல ஏறிட்டு, விடும்போது ஆளு கேவுத மாதிரி இறங்குதது தெரியும். குடமும் அப்படித்தான். பிரிமணையில உக்காந்திருக்க வெறும் மண்குடம். வாயில பத்திங்கிற மட்டையால ஒரு அடி விழுந்தா அது காதுக்கு வராது, நேரா நெஞ்சாங்கூட்டுக்கு வரும். வில்லுல கட்டுன மணியெல்லாம் இருக்கே, வீசுகோல் நாணுல படவும் மொத்தமாச் சிலுங்கும். சூட்டிகையான புலவர் அந்தச் சிலுங்கல் அடங்குத வரைக்கும் அடுத்த வார்த்தையை வாய்க்குள்ளயே வச்சிருப்பாவ. அந்த ஒரு விநாடிக்குத்தான்லே உன் அம்பது பேரு பாவம் கொசுக்கடி படுதான்.

அடுத்தது விழாக் குழுவு. நீ வேண்டாம்னாலும் அது முளைக்கும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரைன்னு நாலு பேரு நாலு மணி நேரம் பேசிட்டு, "நேரமின்மை காரணமாகக் கலைஞர்கள் சுருக்கமாக"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவான் பாரு, அப்ப அந்தக் குடத்தை எடுத்து அவன் தலையில கவுத்தணும்போல இருக்கும். கவுத்தாத, குடம் உடைஞ்சு போகும். ஒண்ணு செய்யி. வில்லுப்பாட்டுக்குள்ளயே எல்லாம் இருக்குன்னு பணிவாச் சொல்லு. காப்பு இருக்கு, வருபொருள் உரைத்தல் இருக்கு, குருவடி பாடுதல் இருக்கு. அவையடக்கம்னு, சபையைக் கும்பிட்டுத் தன்னைத் தாழ்த்திச் சொல்லுத பாட்டே இருக்கு. நாட்டுவளம் பாடி, கதையைச் சொல்லி, கடைசியில வாழி பாடி எல்லாரையும் வாழ்த்திட்டுத்தான் எந்திரிப்பாவ. வரவேற்புரையும் நன்றியுரையும் பெரியவங்க எப்பவோ பாட்டாவே எழுதி வச்சாச்சு, நீங்க பேசுனா ரெண்டு தரம் ஆயிரும் அண்ணாச்சின்னு சொல்லு. பொன்னாடையை மட்டும் வாங்கி வச்சுக்கோ. சுவத்துல தொங்கவிட ஆகும்.

கதை எதுன்னு கேட்டியே. சுடலைமாடன் கதை வேண்டாம். நம்ம கோமரத்தாடி அண்ணனும் வருவாரு, பாட்டு உச்சத்துக்குப் போகவும் அவருக்கு அருள் வந்துரும். அந்தச் சின்னக் கூடத்துல அவரு எந்திரிச்சு ஆடுனா உன் ஐ.டி. கம்பெனிச் சேக்காளிகள் பாதிப்பேரு ஜன்னல் வழியாப் போயிருவானுவ. இசக்கியம்மன் கதை கோயில்லயே இருக்கட்டும், அது அவ இடம்.

முத்துப்பட்டன் கதை போடு. நா. வானமாமலை சேகரிச்சு 1971ல மதுரைப் பல்கலைக்கழகம் புத்தகமாவே போட்டிருக்கு, உனக்கு வாசிக்கத் தோதா இருக்கும். பிராமணப் பிள்ளை காட்டுக்குள்ள பாட்டுச் சத்தத்தைக் கேட்டுப் பின்னாலயே போறான். பாடுதது பொம்மக்கா, திம்மக்கா, சக்கிலியர் வீட்டுப் பொம்பளைப் பிள்ளைகள். கட்டுனா இவங்களைத்தான்னு நிக்கான். அவங்க அய்யா சும்மா விடுதாரா? பூணூலை அறுத்துப் போட்டுட்டுச் செருப்புத் தைக்கப் படிச்சுட்டு வாங்காரு. வந்தான்லே அவன். மாட்டைக் காக்கப் போயிச் செத்தும் போனான். சொரிமுத்தையன் கோயில்ல இன்னைக்கும் அவனுக்குச் செருப்புத்தான் காணிக்கை. மைக் இல்லாத கூடத்துக்கு இதைவிட எந்தக் கதை பொருந்தும்? மெதுவாக் கேட்ட ஒரு குரலுக்குப் பின்னால போனவன் கதை. தோலுல செருப்புத் தைச்சவன் கதையைத் தோலு நாணுல தட்டிப் பாடுதது. அந்தப் பூணூல் அறுக்குத இடம் வரும்போது நம்ம ஊருல நாலு பெரிய மனுசன் மூஞ்சி சுளியும். அவுகளை முன்வரிசையில உக்கார வை. முன்வரிசையில இருந்து எந்திரிச்சுப் போறது கஷ்டம்.

ரூவா விசயம். இதுல நையாண்டி கிடையாது, காதைக் கொடுத்துக் கேளு. கன்னியாகுமரிப் பக்கத்துல பூங்கனின்னு ஒரு அம்மா, சின்னப் பிள்ளையில இருந்து வில்லுக்குப் பின்னால உக்காந்து ஊர் ஊராப் பாடுனவங்க. வயசு காலத்துல குடிசையில வறுமையோட கிடந்து 2018ல போய்ச் சேந்தாங்க. செத்த பிறகு அவங்களைப் பத்தி எழுதாத பத்திரிகை இல்லை. "சின்னக் கச்சேரிதானே, சின்னத் தொகை போதும்"னு உன் சேக்காளி எவனாவது சொன்னான்னா, நாலு ஊருக்குப் பாடுதவனும் நாப்பது பேருக்குப் பாடுதவனும் அதே தொண்டையிலதான் பாடுதான்னு சொல்லு. கொடை மாசத்துல அவுக தேதி கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில வீட்டுல சும்மா இருப்பாவ, அப்பக் கூப்பிடு. தொகையைக் கவர்ல போட்டுச் சாப்பாட்டுக்கு முன்னாலயே கொடுத்துரு. பிறகு பாரு பாட்டை.

போலீசு வருமான்னு பயப்படாத. 2000ல வந்த ஒலி மாசு விதியில ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் கொழாய் கட்டக் கூடாது. மூடுன சமுதாயக் கூடத்துக்குள்ள நடக்குததுக்கு அதுலயே விலக்கு இருக்கு. ஏட்டையா வந்தா அவரையும் தரையில உக்காரச் சொல்லு, அம்பத்தொண்ணு.

கேக்க வருதவனுக்கும் ஒண்ணு சொல்லி வை. செல்போனைத் தூக்கிப் பிடிச்சான்னா ரெண்டு கையும் மாட்டிக்கிடும், தொடையில தாளம் போடக் கை இருக்காது. புலவர் ஒரு அடி சொல்லிட்டு நிறுத்தையில பின்பாட்டுக்காரர் "ஆமா"ன்னு சொல்லுவாரு. அந்தக் காலத்துல நாங்களும் கூடச் சொல்லுவோம். சில நாள் நாங்க சொல்லுத ஆமாவைக் கேட்டே புலவர் கதையை நீட்டுததும் உண்டு, சுருக்குததும் உண்டு. கொழாய் வந்த பிறகு நம்ம ஆமா யாருக்குக் கேக்கும்? வேப்பமரத்துக்கு ஆமா போட்ட மாதிரித்தான். உன் கூடத்துல முதல் ஆமா யாரு சொல்லுததுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு எல்லாரும் கம்முன்னு இருப்பானுவ. கவலைப்படாத, அதுக்கு நான் இருக்கேன்.

அதுக்குத்தான் எனக்கு ஒரு இடம் சொல்லி வைக்கணும். விடலைப் பயலா இருக்கையில, கொடை ராத்திரி முழுக்க செட்டுக்காரனுக்கு ஒத்தாசையா அந்தக் கொழாய்க்குக் கீழயேதான் நிப்பேன், பெருமையா. அஞ்சாறு வருசம் நின்னதுல இடது காது அதுல போனது போனதுதான். இப்ப எங்க கொழாய் அலறுனாலும் எனக்கு வெறும் இரைச்சல், வார்த்தை ஒண்ணும் பிடிபடாது. குசுகுசுன்னு பக்கத்துல பேசுனா வலது காதுல ஒவ்வொரு எழுத்தும் விழும். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். உங்க ஆச்சி, ரெண்டு காதுமே எனக்கு அவுட்டுன்னு நம்பிக்கிட்டிருக்கா. முப்பது வருசமா வீட்டுல நிம்மதி.

குடம் என் வலது காதுக்கு நேரா இருக்கணும். முதுகுக்கு ஒரு தலகாணி. உங்க ஆச்சிக்கும் என் பக்கத்துலயே இடம் போட்டுரு, இல்லேன்னா கோவிச்சுக்கிடுவா. இடது பக்கம் போடு.