பேர் லண்டனில் செல்லுமா?

கேள்வி: ஊரில் இருக்கும் அக்கா மகள் வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் சேர ஆசைப்படுகிறாள். கிறிஸ்தவ நிறுவனம், பெரிய பேர் என்கிறார்கள். அந்தப் பேர் லண்டனில் செல்லுமா?
- ஒரு வாசகி, செவன் கிங்ஸ், லண்டன்

பதில்: பேர் சும்மா வந்ததல்ல. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. 1909இல் நர்சிங் பள்ளி வந்தது. 1946இல் பட்டப்படிப்பு, இந்தியாவில் அதைத் தொடங்கிய முதல் சில இடங்களில் ஒன்று. சி.எம்.சி. தனிப் பல்கலைக்கழகம் அல்ல. இப்போது பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

லண்டனில் பேர் மட்டும் போதாது. உங்கள் பக்கத்து கிங் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நிற்க, எந்த ஊர்ப் பட்டமானாலும் பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி.யில் பதிவு வேண்டும். இந்தியாவில் படித்தவருக்கு அதற்கு ஆங்கிலத் தகுதி, கணினித் தேர்வு, அப்புறம் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பேரையும் ஒவ்வாமையையும் சரிபார்த்தாளா என்று தேர்வாளர் கவனிப்பார். கல்லூரிப் பேருக்கு அங்கே மார்க் கிடையாது.

ஆனால் அந்தத் தேர்வுக்குக் கை பழகுவது வார்டில்தான்; வேலூரில் கல்லூரியும் பெரிய ஆஸ்பத்திரியும் ஒரே நிறுவனம். இடம் கிடைத்தால் தயங்காமல் சேரச் சொல்லுங்கள். வேறு கல்லூரியென்றால், எந்த மதத்தார் நடத்தினாலும், பணம் கட்டும் முன் பயிற்சி தரும் ஆஸ்பத்திரியை நேரில் பார்த்துவிடுங்கள்.