‘இந்தா, பக்கத்துலதான்’: பழனி மலையில் வழங்கும் ஒரு நீட்டலளவை பற்றிய ஆய்வு

1. முன்னுரை

விரல், சாண், முழம், கோல், கூப்பீடு, காதம் என்று தமிழரின் நீட்டலளவைகளை முன்னோர் வரிசைப்படுத்தி, நாலு கூப்பீடு ஒரு காதம் என்று வாய்பாடும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் பழனி மலைத்தொடரில் இன்றும் உயிரோடு உலவும் ஓர் அளவை எந்த வாய்பாட்டிலும் ஏறவில்லை. ‘பக்கத்துலதான்’ என்பது அதன் பெயர். அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. எழுந்தபோது மணி காலை ஐந்தரை. அப்போதைய குளிரை விரிக்கின் பெருகும்.

ஆய்வுக்களம், கொடைக்கானல் நகரின் ‘யாரும் பார்க்காத மூலைகளை’ நடத்தியே காட்டும் ஒரு காலை நடை. ஆய்வு மாந்தர் அறுவர்: மதுரையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சென்னையிலிருந்து ஓர் இளந்தம்பதி, உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர், அவருடைய கல்லூரிப் பேரன், ஆய்வாளன் ஆகிய நான். வழிகாட்டி உள்ளூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். தலையில் குரங்குக் குல்லா, காலில் ரப்பர் செருப்பு. மற்றவர்கள் காலில் ஷூ. அப்பத்தா காலிலும் ரப்பர் செருப்புத்தான். இந்தத் தரவு பின்னர் தேவைப்படும்.

2. ஆய்வு எல்லை

வேனில் ஏறித் தூண்பாறை, குணா குகை என்று போய்வரும் ‘12 மைல் சுற்று’ இவ்வாய்வில் சேராது. அதில் பயணியின் கால் தரையில் படும் நேரம் செல்ஃபி எடுக்கும் நேரம் மட்டுமே. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். கால்களுக்கு வேண்டியதில்லை. இந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்வோர் மிகச் சிலரே என்பது களத்தில் தெரிந்தது.

3. முன்னாய்வுகள்

இம்மலையை 1821-இல் நில அளவை செய்தவர் லெப்டினன்ட் வார்டு. 1836-இல் செடிகொடிகளைத் தேடி வந்தவர் தாவரவியலாளர் ராபர்ட் வைட். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் கீழ்நாட்டு வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மேலே வந்து சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஊர் அங்கிருந்து தொடங்கியது. இம்மலையின் கற்திட்டைகளைப் பற்றி ஆங்லாடும் நியூட்டனும் எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது.

இவர்கள் எல்லோரும் எதையாவது அளந்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். ‘பக்கத்துலதான்’ பற்றி மட்டும் ஒருவரும் எழுதவில்லை. இவர்களுக்கு வழிகாட்டிய மலைவாசிகள் அதைச் சொல்லாமல் இருந்திருக்க முடியாது என்பது என் துணிபு. துபாஷி மொழிபெயர்க்காமல் விட்டிருக்க வேண்டும், நல்ல மனிதர்.

4. சொல்லாய்வு

‘இந்தா’ என்பது ஒன்றைக் கொடுக்கும்போது சொல்லும் சொல். கேட்டதும் கை தானாக நீளும். ஆனால் கையில் ஒன்றும் விழுவதில்லை.

‘பக்கத்துல’ என்பது பக்கம், அத்து, இல் எனப் பிரியும். அத்து, சாரியை. இல், ஏழாம் வேற்றுமை உருபு. பேச்சில் தேய்ந்து ‘ல’ ஆயிற்று. சாரியைக்குப் பொருள் இல்லை என்பது இலக்கணம். இத்தொடரில் பக்கத்துக்கும் பொருள் இல்லை என்பது அனுபவம்.

‘தான்’ என்பது தேற்றம். தேற்றம் என்றால் உறுதி என்பர் இலக்கணத்தார். மலையில் அது அழுகிற பிள்ளையைத் தேற்றும் தேற்றம்.

ஊர்ப்பெயரையும் கவனிக்க வேண்டும். கோடையில் தங்கும் கானகம் என்பர் சிலர். காடு தந்த கொடை என்பர் சிலர். கானல் என்றால் பழந்தமிழில் கடற்கரைச் சோலை. 7,000 அடி உயரத்தில் கடற்கரைக்கு என்ன வேலை என்று இலக்கண ஆசிரியர்கள் திகைக்கலாம். இன்றைய வழக்கில் கானல் என்றால், கிட்டப் போகப் போக எட்டப் போவது. நடந்து பார்த்தவன் என்ற முறையில் நான் இந்தப் பொருளையே கொள்கிறேன்.

5. தரவுகள்

அன்றைய நடையில் வழிகாட்டி இவ்வளவையை ஐந்து முறை வழங்கினார். ஒவ்வொரு முறையும் எங்கள் குழு ஒரு திணையிலிருந்து அடுத்த திணைக்குப் பெயர்ந்தது. குறிஞ்சி நிலத்தில் ஐந்து திணையும் ஒரே காலையில் நிகழ்ந்ததை முதலில் பதிவு செய்வது இக்கட்டுரையே.

முதல் வழங்கல், குறிஞ்சி. இடம், பேருந்து நிலையம். உரிப்பொருள் புணர்தல், ஈண்டு அறுவர் ஒன்றுகூடிப் பிஸ்கட் பகிர்ந்துகொண்டதைக் குறிக்கும். கோக்கர்ஸ் வாக் எவ்வளவு தூரம் என்றார் வங்கி அதிகாரி. “இந்தா, பக்கத்துலதான் சார்.” உண்மையாகவே பக்கத்தில்தான் இருந்தது. பிற்பாடு நாங்கள் ஏமாந்ததற்கெல்லாம் இந்த நேர்மையே முதலீடு.

லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பை ஒட்டி 1872-இல் அமைத்த பாதை இது. நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முதுகுப்பக்கம் வெயிலும் எதிரே மூடுபனியும் வாய்த்தால், நம் நிழல் பனித்திரையில் பேருருவாக விழுந்து அதன் தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். எங்களுக்கு வாய்த்தது பனி மட்டும். “அந்தா பெரியகுளம்” என்று வழிகாட்டி வெள்ளையில் ஓரிடத்தைக் காட்டினார். நாங்கள் பார்த்துவிட்டதாகத் தலையாட்டினோம்.

இரண்டாம் வழங்கல், மருதம். காலம் விடியல், இடம் பொய்கைக் கரை. இரண்டும் மருதத்துக்கு உரியவை. உரிப்பொருள் ஊடல். ஏழு ரோடு சந்திப்பைக் கடந்து ஏரிக்கு இறங்கியதும், “ஏரிய ஒரு சுத்து சுத்திரலாம், பக்கத்துலதான்” என்றார். 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடைக்கு அணை கட்டி உண்டாக்கிய ஏரி. சுமார் 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். வம்பே இந்த வடிவம்தான். கரை நாலாபுறமும் கைநீட்டி மடங்குவதால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. அக்கரையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்டு ஒருவர் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் நடந்தோம், அக்கரையிலேயே இருந்தார். இன்னும் பத்து நிமிடம் நடந்தோம். இப்போது கொஞ்சம் தள்ளிப் போயிருந்தார். முழுச்சுற்று ஐந்து கிலோமீட்டர் என்று இளங்கணவர் செல்பேசியில் பார்த்துச் சொன்னார். “நீங்கதானே நடக்கலாம்னு சொன்னீங்க?” என்றார் மனைவி. பரத்தை இல்லாமலும் ஊடல் நிகழும் என்பதற்கு இது சான்று.

மூன்றாம் வழங்கல், முல்லை. உரிப்பொருள் இருத்தல். ஏரிக்கரை டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது. “குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கத்துலதான் சார், வந்துருங்க.” வங்கி அதிகாரி பெஞ்சைத் துடைத்தார், உட்கார்ந்தார். “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே இருக்கேன்” என்றார். முல்லைத் தலைவி கார்காலத்தில் தலைவனுக்காக இருப்பாள். இவர் அடுத்த ஈடு பஜ்ஜிக்காக இருந்தார். இருத்தல் என்னவோ இருத்தல்தான்.

நான்காம் வழங்கல், பாலை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை பிறக்கும் என்பது பழைய கொள்கை. எங்கள் முல்லை டீக்கடையில் உட்கார்ந்துவிட்டது. குறிஞ்சி செங்குத்தாக நின்றது. தார்ச்சாலை வளைந்து வளைந்து போக, வழிகாட்டி குறுக்குப் பாதையில் திரும்பினார். “இதுல ஏறுனா பக்கத்துலதான்.” இளந்தம்பதி ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்நேரம் பார்த்து ஒரு டாக்சி காலியாக வந்தது. உரிப்பொருள் பிரிதல்.

மிஞ்சிய மூவரும் ஏறினோம். ‘யாரும் பார்க்காத மூலை’ என்று விளம்பரம் சொன்னது இங்கேதான் இருந்தது. உதிர்ந்த பைன் ஊசிகள் மெத்தைபோல் மூடிய கற்படிகள்; கால் வைத்தால் வழுக்கும். கைவைத்த இடமெல்லாம் பாசி ஈரம். ஓட்டுக் கூரைக்கு மேலே கரிபடிந்த ஒரு புகைபோக்கி. கீழே பூட்டிக் கிடக்கும் இரும்புக் கேட். அதன் கல்தூணில் எழுத்து அழிந்துபோன ஒரு வீட்டுப்பெயர். வேலிக்கு வெளியே சாய்ந்த பேரிக்காய் மரத்தடியில் உதிர்ந்த காய்களைக் குரங்கு ஒன்று பொறுமையாகச் சோதித்துக்கொண்டிருந்தது. ஒரு கடி, ஒரு முகச்சுளிப்பு, அடுத்த காய். ஆய்வு நெறி என்றால் அது. இருபதடி தள்ளிச் சாலையில் வேன்கள் ஹாரன் அடித்துப் போய்க்கொண்டிருந்தன. மூலை மறைந்திருக்கவே இல்லை. வேனின் ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

கோயில் 1936-இல் எழுந்தது. கட்டியவர் லீலாவதி ராமநாதன். பிறப்பால் வெள்ளைக்காரர், சைவத்துக்கு மாறி இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். அங்கிருந்து வானம் தெளிந்தால் பழனிக் கோயில் மலை தெரியும். அன்று தெளிந்தது. அப்பத்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். மூச்சு வாங்கவில்லை. “தைப்பூசத்துக்கு ஊர்ல இருந்து நடந்தே போவோம் தம்பி. அந்தா தெரியுதே முருகன் கோயிலு, பக்கத்துலதான்.” கொடைக்கானலிலிருந்து பழனி சாலை வழியே 64 கிலோமீட்டர். வழிகாட்டியோடு யாதொரு தொடர்பும் இல்லாத இரண்டாவது சாட்சி இவ்வளவையைத் தாமாகவே வழங்கிய இத்தருணம், இவ்வாய்வின் திருப்புமுனை.

ஐந்தாம் வழங்கல், நெய்தல். உரிப்பொருள் இரங்கல். திரும்பும் வழியில் பேரனுக்குப் புது ஷூ குதிகாலைக் கடித்துவிட்டது. பேருந்து நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டான். விடையை வாசகர் அறிவர். இரங்கினோம்.

6. பகுப்பாய்வு

இவ்வளவையை வழிகாட்டியின் தனிப்பட்ட பழக்கம் என்று தள்ள முடியாது. அரசாங்கமே வழங்கியிருக்கிறது. ரயிலில் வருபவர்கள் இறங்கும் நிலையத்தின் பெயர் ‘கொடைக்கானல் ரோடு’. நிலையம் இருப்பது அம்மையநாயக்கனூரில். அங்கிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இந்தா, பக்கத்துலதான் என்று ஒரு நாட்டின் ரயில்வேயே பலகை எழுதி நட்டிருக்கும்போது, ரப்பர் செருப்புப் போட்ட ஒரு மனிதரை எப்படிக் குறை சொல்வது?

துல்லியமான அளவைக்கு இவ்வூரில் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சூரியனை 1901 முதல் பார்த்துவரும் வானாய்வுக்கூடம் இங்கே இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அந்த வானாய்வுக்கூடம் ஏரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று வழிகாட்டியைக் கேட்டேன். சூரியனுக்கு உள்ள துல்லியம் அதற்குக் கிடைக்கவில்லை.

பிறகு அவரிடமே நேராகக் கேட்டேன்: “ஏண்ணே, எல்லாமே பக்கத்துலதான்னு சொல்றீங்களே?”

அவர் சிரிக்கவில்லை. “எங்க பாட்டன் கீழருந்து இந்த மலைக்கு மூட்டை தூக்குன ஆளு சார். வெறுங்கையோட நடக்குறதெல்லாம் எங்களுக்குத் தூரமே இல்ல” என்றார்.

மோட்டார் ஏறும் சாலை 1914-இல் வந்தது. அதற்கு முன் எழுபது ஆண்டுக் காலம் பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து மேலே வந்த துரைகள் குதிரையிலும் நாற்காலியிலும் டோலியிலும் வந்தார்கள். நாற்காலி தானாக நடக்காது. வெள்ளைக்காரர்கள் வாழ்ந்த வீடுகளின் பியானோவும் கணப்படுப்பும் கண்ணாடி ஜன்னலும் யாரோ ஒருவர் தோளில் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். பாதைக்கு கோக்கர் பெயர், பூங்காவுக்கு பிரையன்ட் பெயர். தூக்கியவர்கள் பெயர் எதற்கும் இல்லை. அவர்கள் விட்டுப்போனது ஓர் அளவையை மட்டும்.

ஆகவே வாய்பாடு பின்வருமாறு அமையும்: சொல்பவரின் பாட்டன் சுமையோடு ஏறிய தூரத்திலிருந்து, கேட்பவர் காரில் உட்கார்ந்து வந்த தூரத்தைக் கழித்தால் கிடைப்பது ஒரு ‘பக்கம்’.

7. முடிவும் பரிந்துரைகளும்

அ) ‘பக்கத்துலதான்’ பொய் அன்று, வேறொருவர் காலால் அளந்த மெய்.

ஆ) நம் ஊர்களில் மறைந்த மூலைகள் குறைவு, இறங்கி நடப்பவர்கள் அதைவிடக் குறைவு.

இ) வழிகாட்டியிடம் தூரம் கேட்க வேண்டாம், போதிய சில்லறையும் தண்ணீரும் வைத்துக்கொண்டால் போதும். ஷூவைப் புதிதாக வாங்கி அன்றே போட வேண்டாம். துணைக்கு ஓர் அப்பத்தா இருப்பது நலம்.

ஈ) பழனி மலைக் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, கடைசியாக 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அந்த ஆண்டு எல்லோரும் வேனில் வருவார்கள். முழங்கால் ஒத்துழைப்பவர்கள் அதற்குமுன் ஒருமுறை நடந்து பார்த்துவிடவும்.