ஒன்பதடித் தேக்கும் மூன்றடி நடையும்: காரைக்குடிப் பலகையைச் சென்னை வீட்டுக்குக் கொண்டுசேர்த்தல் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஒரு பலகையை விரும்புவதற்கும் அதை விலை பேசி முடிப்பதற்கும் இடையே ஒரு டீ குடிக்கும் நேரந்தான் செல்கிறது. முடித்த பலகையை வீடு சேர்க்கும் வரை செல்கிற காலத்தைப் பற்றியோ அறிஞருலகம் வாய் திறப்பதில்லை. தேர்ச் சக்கரத்தை ஆராய்ந்து முனைவரானவர்கள் இருப்பார்கள். பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நிற்காமல் போகும் ஆட்டோக்களை எண்ணிக்கொண்டிருப்பவரை ஆராய ஆளில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்கவந்தது.

ஆய்வுக்களம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. நாடெங்கும் மரவேலைக் கண்காட்சி நடத்துவோர் அரங்கம் பிடித்து, பந்தல் போட்டு, மூன்று நாளில் மூட்டை கட்டிவிடுவார்கள். இத்தெருவில் கண்காட்சி ஆண்டு முழுதும் நடக்கிறது, நுழைவுச்சீட்டு இல்லை. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூணும், நிலையும், உத்திரமும், கதவும், எனாமல் சட்டிகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே சாத்திவைக்கப்பட்டிருக்கும். ஆய்வுப்பொருள் அவற்றுள் ஒன்று: ஒன்பதடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம் உள்ள பர்மாத் தேக்குப் பலகை. கணக்குப் பார்த்தால் ஒரு கன அடிக்குச் சற்று மேல். நன்கு காய்ந்த தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ நிற்கும். ஆகவே இப்பலகை 20 கிலோ சொச்சம். ஓர் அரிசி மூட்டையைவிடக் குறைவு என்று கடைக்காரர் சொல்வார். அது உண்மை. ஆனால் அரிசி மூட்டையை மடக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பதை அவர் சொல்லமாட்டார்.

வாங்குவோரை இரு சாராராகப் பிரிக்கலாம். முன்திட்டவாதிகள் புறப்படுமுன்பே காரின் உள்நீளம், டிக்கியின் வாய், மாடிப்படித் திருப்பம் அனைத்தையும் அளந்து சட்டைப்பையில் எழுதிவைத்துக்கொண்டு வருவார்கள். பின்திட்டவாதிகள் காசைக் கொடுத்துவிட்டு, “அண்ணே, இதை எப்படி எடுத்துட்டுப் போறது?” என்று கேட்பார்கள். முதல் சாரார் நூல்களில் மட்டுமே காணப்படுகின்றனர். இதை அவர்களுடைய குறையென்று கொள்ளலாகாது. டேப்பும் கையுமாக வருபவர் அளவுக்கு அடங்கிய பலகையைத் தேடுவார், கிடைக்காது, ஓர் எனாமல் தூக்கோடு ஊர் திரும்புவார். ஆய்வுக்கு உரியவராகவே மாட்டார். நீளம் தெரியாமல் கையை விடுகிறவர் இல்லையென்றால் அந்தத் தெருவில் பாதிக் கடைகள் நடக்காது.

முன்னோர் இவ்விஷயத்தை எவ்வாறு கையாண்டனர் என்று பார்ப்பது ஆய்வு மரபு. பழைய ஏற்பாட்டில் சாலொமோன் ஆலயம் கட்டக் கேதுரு மரம் கேட்டபோது, தீருவின் ராஜா ஈராம் லீபனோனில் வெட்டித் தெப்பங்களாகக் கட்டி, கடல் வழியே யோப்பா வரை அனுப்புவதாக ஒப்புக்கொள்கிறார். அங்கிருந்து எருசலேமுக்கு ஏற்றிக்கொண்டு போவது உம்முடைய பாடு என்று இரண்டாம் நாளாகமத்தில் தெளிவாக இருக்கிறது. யோப்பா கடற்கரை, எருசலேம் மலைமேல். அதாவது விற்பவர் சுலபமான பாதியைத் தாம் எடுத்துக்கொண்டு, ஏற்றத்தை வாங்கியவர் தலையில் கட்டும் வழக்கம் மூவாயிரம் ஆண்டுத் தொன்மையுடையது. காரைக்குடியில் ‘கடை வாசல் வரை நம்ம பையன் தூக்கித் தருவான் சார்’ என்ற வாக்குறுதி இம்மரபின் நேரடி வாரிசு என்பதே இக்கட்டுரையாளர் துணிபு.

ஏற்றத்தைத் தவிர்த்து இறக்கத்தை மட்டும் நம்பிய ஒரு பள்ளி ஆனைமலையில் இருந்தது. மேலேயிருந்து மரங்களைச் சரித்து உருட்டிவிட்ட இடந்தான் டாப்சிலிப். சிக்கனமான முறை, விலைவாசியால் பாதிக்கப்படாத எரிபொருள். மூன்றாம் மாடியில் குடியிருப்பவருக்கு மட்டும் இதனால் பயனில்லை. அங்கே தேக்கங்காடுகளை மீட்டெடுத்த வன அதிகாரி ஹியூகோ வுட், தாம் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே அடக்கமாகியிருக்கிறார். மரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், வீட்டை மரத்திடம் கொண்டுபோனவர் என்ற வகையில் அவர் இத்துறையின் ஒரே முழு வெற்றியாளர்.

திட்டம் என்ற சொல்லுக்குப் பொருள் அறிய வேண்டுவோர் பர்மாவைப் படிக்க வேண்டும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆதலால் நிற்கும் மரத்தின் அடியைச் சுற்றிலும், பட்டையும் வெளிறும் அற்றுப்போகும்படி, வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயும். பிறகு வெட்டி, யானையைக் கொண்டு ஓடைக்கு இழுத்துப் போட்டு, மழைக்குக் காத்திருந்து, வெள்ளம் வந்தால் ஆற்றில் விட்டு, தெப்பம் கட்டி, ஐராவதி வழியே ரங்கூனுக்கு இறக்குவார்கள். ஒரு வருஷம் மழை பொய்த்தால் கட்டை அடுத்த வருஷம் வரை ஓடையிலேயே கிடக்கும். அங்கிருந்து கப்பலேறி வங்கக் கடலைத் தாண்டி நகரத்தார் ஊர்களுக்கு வந்து, வீடாக நின்று, அந்த வீடும் இடிக்கப்பட்ட பின்தான் இப்பலகை நம் ஆய்வுக்குக் கிடைக்கிறது. மரம் சாய்வதற்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பே அதன் பயணத்துக்கு ஏற்பாடு நடந்திருக்கிறது. இவ்வளவு தூரம் வந்ததை எடுத்துப்போக வாங்கியவர் ஒரு கயிறாவது கொண்டு வந்தாரா என்று கடைக்காரர் கண்ணாலேயே கேட்பார். கொண்டுவந்திருக்கமாட்டார்.

இனி வாகனம். காரைக்குடியிலிருந்து சென்னை நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பல்லவன் எக்ஸ்பிரஸ் நேரே எழும்பூருக்குப் போகிறது. எடையில் ரயில்வே தாராளம்: இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். நம் பலகை அதற்குள் அடங்கி, ஒரு பெரிய பை முறுக்குக்கும் இடம் விடுகிறது. ஆனால் பெட்டிக்குள் ஏறும் சாமான் 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பலகையோ 274 செ.மீ. அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பணிவாக இருந்தாலும், நீளத்தில் செய்த குற்றத்துக்கு அங்கே மன்னிப்பில்லை. ரயில்வே பார்சலில் போடலாமே என்பவர்கள் பார்சல் அலுவலகத்தில் எப்போதாவது நின்றிருக்கிறார்களா என்பது தனி ஆய்வு.

சொந்தக் காரில் வந்தவர் நிலை இன்னும் நுட்பமானது. முன் இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து, டேஷ்போர்டில் ஒரு முனையும் பின் கண்ணாடியில் மறுமுனையுமாகப் பலகையைப் படுக்கவைத்தால், அதுவரை அந்த இருக்கையில் வந்தவர் இடம் பெயர வேண்டும். பலகைக்கு சீட் பெல்ட் போட்டு, மனைவியைப் பின்னால் மடங்கி உட்காரச் சொன்ன குடும்பங்களில் புதுக்கோட்டை தாண்டும் வரை யாரும் பேசுவதில்லை.

குட்டி யானை என்று ஊரார் அழைக்கும் டாடா ஏஸ் 2005-இல் வந்தது. பர்மாவில் யானை இழுத்ததை இங்கே குட்டி யானை சுமக்கிறது என்று புளகாங்கிதம் அடைவதற்குமுன் அளந்து பார்க்க வேண்டும். அதன் தொட்டி நீளம் ஏழடி சொச்சம். மூலைக்கு மூலை குறுக்காகப் போட்டாலும் எட்டே முக்கால் அடியைத் தாண்டாது. முக்கால் டன் சுமக்கும் வண்டி, இருபது கிலோவுக்காக வாலை நீட்டிக்கொண்டு போக நேர்கிறது. அந்த வால்தான் வில்லங்கம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்ந்த 194 (1ஏ) பிரிவின்படி, அனுமதித்த எல்லைக்கு மேல் சரக்கு முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். சரக்கை இறக்கிவைக்கும் செலவும் வண்டிக்காரரையே சேரும். மக்கள் இதற்கு எதிராக ஒரு தற்காப்பு வைத்திருக்கிறார்கள். நீட்டிய முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவது. துணி கட்டியதும் நீளம் குறைந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. கிடைக்கிற துணி எந்த நிறமானாலும் சிவப்பே என்பது அதன் கிளை நம்பிக்கை.

எஞ்சுவது லாரி பார்சல் சர்வீஸ். உண்மையைச் சொன்னால் இதுதான் சரியான வழி. ஆகவே இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரசீதை எடுத்துக்கொண்டு போய், சாக்குச் சுற்றி, முனைகளுக்கு அட்டை கட்டி, புக் செய்தால் சென்னை குடோனுக்கு வந்துவிடும். மரம் கொண்டுபோவதற்குத் தமிழ்நாட்டில் 1968 முதல் தனி விதிகள் உண்டு. கடையில் வாங்கியது என்பதற்கான சீட்டைப் பத்திரப்படுத்துவது நலம். குடோனிலிருந்து வீட்டுக்கு மீன்பாடி வண்டி. மூன்று சக்கரத்தில் முன்னால் சரக்கும் பின்னால் ஆளுமாக வரும் அந்த வண்டிக்கு ஒன்பதடி ஒரு பொருட்டே அல்ல. இருபதடிக் கம்பியை ஏற்றிக்கொண்டு ‘சார், ஓரம்’ என்ற ஒரே குரலில் அண்ணா சாலையைக் கடந்த பரம்பரை அது.

இவ்வாறு கடல், ஆறு, நெடுஞ்சாலை அனைத்தையும் வென்ற பலகை அடுக்ககத்தின் வாசலுக்கு வருகிறது. இன்னும் முப்பதடி. இக்கட்டுரையின் மையக் கருதுகோள் இங்கேதான் வெளிப்படுகிறது: வீடு நெருங்க நெருங்க, அடிக்கு அடி தொல்லை ஏறும்.

முதலில் லிஃப்ட். ஐந்தடிக்கு நாலடி, ஏழடி உயரம் என்று வைத்துக்கொண்டால், கீழ் மூலைக்கும் எதிர் மேல் மூலைக்கும் இடையே ஒன்பதரை அடி. பலகை அடங்கிவிடும் என்று பள்ளிக் கணக்கு ஆசை காட்டும். ஆனால் அந்த மூலைவிட்டத்தை எட்ட வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். வாசலுக்குப் பிதாகரசைத் தெரியாது. எனவே படி. படியேறி வந்தால் மூன்றடி அகல நடை செங்கோணத்தில் திரும்பி, இன்னொரு மூன்றடி நடையாகிறது. இத்திருப்பத்தில் கிடைமட்டமாக எவ்வளவு நீளக் கழி திரும்பும் என்பதற்குச் சூத்திரம் உண்டு: இரு நடைகளின் அகலத்துக்கும் கனமூலம் கண்டு வர்க்கமாக்கிக் கூட்டி, அத்தொகையின் வர்க்கமூலத்தைக் கனமாக்க வேண்டும். விடை ஏறத்தாழ எட்டடி ஆறங்குலம், அதுவும் கனமே இல்லாத கழிக்கு. நம் பலகை அரையடியில் தோற்கிறது.

கணித உலகம் இத்தகைய திருப்பங்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றிருக்கிறது. ஓரலகு அகல நடையில் திரும்பக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு என்ன என்று 1966-இல் லியோ மோசர் கேட்டார். 1992-இல் ஜோசப் கெர்வர் 2.2195 பரப்புள்ள ஒரு வடிவத்தைத் தந்தார். அதைவிடப் பெரிதாக இயலாது என்பதற்கு 2024-இல்தான் ஒரு கொரியக் கணிதர் நிரூபணம் வெளியிட்டார். மீன்பாடி வண்டிக்காரர் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்வதில்லை. “சார், அந்தாண்ட மொனைய தூக்கு. ஒசத்திப் புடி. சொவத்துல இடிக்காம வா” என்கிறார். ஒரு முனையை நன்றாக உயர்த்தினால் தரையில் விழும் நிழல் எட்டரை அடிக்கும் கீழே சுருங்குகிறது, பலகை திரும்புகிறது. சோபாக்காரர்கள் தளத்திலேயே யோசித்தார்கள், இவர் கூரையையும் பார்த்தார். டியூப் லைட்டை மட்டும் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பதில் மிக எளிது, கடையிலேயே நாலரை நாலரையாக அறுத்திருந்தால் பஸ்ஸிலேயே வந்திருக்குமே என்று ஒரு வாதம் உண்டு. வீட்டில் உள்ளவர்கள் இதை முன்வைப்பார்கள். மறுப்பு: ஒன்பதடி ஒரே துண்டு இனிக் கிடைக்குமா? கிடைக்காது என்பது சரி. அந்த ஒன்பதடியை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்ற அடுத்த கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே இருப்பதாக வாங்கியவர் கருதுகிறார். பெஞ்சு என்பார், ஊஞ்சல் என்பார், ஆசாரி வந்து பார்க்கட்டும் என்பார்.

ஆசாரி வரும்வரை பலகையை நிமிர்த்திச் சாத்தக்கூடாது, வளையும். சம இடைவெளியில் கட்டைகள் வைத்துப் படுக்கப் போட வேண்டும். அடியிலும் காற்று புக வேண்டும். ஒன்பதடிக்கு வீட்டில் உள்ள ஒரே இடம் கட்டிலின் அடி. கட்டில் நீளம் ஆறேகால் அடி. மீதம் இரண்டே முக்கால் அடி கால்மாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டில் மோட்டார் வாகனம் அல்லவாதலால் 194 (1ஏ) இங்கே செல்லாது. எனினும் இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த ஒருவருடைய சுண்டுவிரல் நசுங்கியதை அடுத்து, வீட்டாரே முன்வந்து அந்த முனையில் ஒரு பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டியிருக்கிறார்கள்.