கருவியில்லாப் பயிற்சி

நாற்பதைத் தாண்டிய தொப்பைக்கு ஜிம் எதற்கு, சொந்த உடம்பின் எடையே போதும் என்கிறார்கள் வல்லுநர்கள். அரசுக்கு இது முன்பே தெரியும். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை கொடுத்தது.

கள்ளக்குறிச்சிக்காரர்கள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்குக் கல்வராயன் மலை இருக்கிறது. சாலை எட்டாத ஊருக்கு அரிசி மூட்டையோடு ஏறினால் தொடைக்கு நல்லது. நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறங்கினால் தோளுக்கு நல்லது. சந்தா கிடையாது, விடுமுறையும் கிடையாது. சாலை கேட்டு மனு கொடுக்கப் போனால், உட்காரச் சொல்லாத அலுவலகம் முதுகை நிமிர்த்தும். “நாளைக்கு வா” என்பது தொடர் பயிற்சி.

இந்த அருமை தெரியாமல் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து, மலை மக்களின் அடிப்படை வசதிகள் எங்கே என்று கேட்டுவிட்டது. சாலை வந்தால் தொப்பையும் வருமே, யார் பொறுப்பு?

நீதிமன்றத்தைக் கேட்கவைத்தது கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரம். அந்த ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலி. பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். உடற்பயிற்சிக் குறைவு என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது.