வாய்க்காரிகள்

நான் ஆலையடிவேம்பில் வளர்ந்த காலத்தில் "வாய் காட்டாத புள்ள" என்று சொல்லாத தாய் இல்லை. அம்மாவிடம் வாய் காட்டினால் அகப்பைக்காம்பு, வாத்தியாரிடம் காட்டினால் பிரம்பு. விதானையாரிடம் காட்டினால் அடி விழாது, கடிதம்தான் கிடைக்காது. பேத்தி வாய் காட்டினால் மட்டும் பாட்டன் "என்ர வாய்க்காரி" என்று மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். பொடியன் எதிர்த்துப் பேசினால் கெட்டிக்காரன். பெட்டை பேசினால் கொழுப்பு.

வைகாசி வந்தால் அதே ஊர் தம்பிலுவில் கண்ணகை அம்மனிடம் போகும். கோயில் கதவு திறந்ததிலிருந்து குளிர்த்திச் சடங்கு வரைக்கும் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். அவள் பாண்டியன் சபையில் ஏறிச் சிலம்பை உடைத்து நியாயம் கேட்கிற இடம் வரும்போது கிழவிகளின் கண் நிறையும். வீட்டுக்கு வந்ததும் நியாயம் கேட்ட மருமகளுக்கு ஏச்சு விழும். சின்ன வயதிலேயே எனக்கு இது பொறுக்கவில்லை.

இத்தனைக்கும் இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. தமிழரென்ன, சோனகரென்ன, குடி தாய்வழியில் வரும்; வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும்; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப் பற்றி 2008இல் பெரிய நூலொன்றே எழுதினார்.

2004 டிசம்பரில் கடல் வந்து போன பிறகு எல்லாம் மாறியது. புது வீட்டுக்கான படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஓரிடம். அதில் புருசன் பெயரைத்தான் எழுதினார்கள். ஒரு நாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சோனகப் பெண்ணிடமும் அதையே கேட்டார்கள்.

"ஊட்டுக்காரர்ர பேரச் சொல்லுங்க."

"வளவு எங்கட உம்மா எனக்குத் தந்தது தம்பி. அவர்ர பேர் என்னத்துக்கு?"

"வாய் காட்டாதீங்க ராத்தா."

அவர் பதில் பேசவில்லை. பையிலிருந்து உறுதியை எடுத்து மேசையில் விரித்தார். உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்த தாள். ஓரங்கள் சுருண்டிருந்தன, முத்திரை மை கலைந்திருந்தது. உம்மாவின் பெயர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. விரலை அதன்மேல் ஊன்றியபடி நின்றார். பின்னாலிருந்து எங்களூர்ப் பெரியம்மா ஒருவர், "சரியாத்தானே கேக்கா அந்தப் புள்ள" என்று குரல் கொடுத்தார். வரிசையே அவரோடு சேர்ந்துகொண்டது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் புது வீடுகளுக்குக் கணவன் மனைவி கூட்டு உரிமை கேட்டு நின்றதும் அந்தக் காலத்தில்தான்.

வயல்காணி கதை இன்னும் பழையது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அரச காணி அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால் மகனுக்குப் பிறகுதான் மகள். மூத்தவள் என்றாலும் அதே விதிதான். அது திருத்தப்பட 2022 ஆனது. அதற்குள் எத்தனை மகள்மார் தகப்பன் வெட்டித் திருத்திய வயலிலேயே கூலிக்குக் கதிர் அறுத்திருப்பார்கள்! ஏனென்று கேட்டவளுக்கு ஊர் கொடுத்த பெயர் எனக்குத் தெரியும்.

இப்போது பிரதேச செயலகத்துக்குப் போகிற பெட்டைகளைப் பார்க்கிறேன். "நாளைக்கு வாங்க" என்றால், "திகதி போட்டு எழுதித் தாங்க சேர்" என்கிறார்கள். கேட்கட்டும். பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்கட்டும்.