கேபிள் சித்தப்பா

புது போன் வாங்கும்போது சித்தப்பாவை யாரும் கேட்பதில்லை. மாதத் தவணை எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதையெல்லாம் வீட்டுப் பிள்ளைகளே பத்து நிமிடத்தில் பேசி முடித்து, இரவோடு இரவாக ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் அவருடைய ஆட்சி. எந்தக் கண்ணாடி ஒட்டுவது, எந்தக் கவர் போடுவது, சார்ஜர் எத்தனை வாட், கேபிள் எத்தனை மீட்டர் எல்லாம் அவர் இலாகா. முப்பதாயிரம் ரூபாய் போனுக்குப் பத்து நிமிடம், முந்நூறு ரூபாய் கேபிளுக்குப் பதினைந்து நாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர் உண்மையாகவே கேட்பார்.

எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு. சில வீடுகளில் அவர் பெரியப்பா, சில அலுவலகங்களில் கணக்குப் பிரிவின் மூன்றாவது மேசை. ஐம்பதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தவர். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே “இப்போ வருதா?” என்று கீழே கேட்டவர். இப்போது சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சிம் தட்டைத் திறக்கும் ஊசி வைத்திருக்கிறார்.

அவருக்கு முறைப்படி பதவி வந்தது 2020 அக்டோபரில். ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 12-ஐச் சார்ஜர் இல்லாமல் பெட்டியில் வைத்து விற்க ஆரம்பித்தது. சுற்றுச்சூழலுக்காக என்று காரணம் சொன்னார்கள். அடுத்த ஜனவரியில் சாம்சங்கும் கேலக்ஸி எஸ்21 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. சுற்றுச்சூழலுக்கு என்ன கிடைத்ததோ, சித்தப்பாவுக்கு வாரம் நான்கு அழைப்புகள் கிடைத்தன. “பெட்டிக்குள்ள வயர் மட்டும்தான் இருக்கு சித்தப்பா, இதைச் சுவத்துல எப்படிச் சொருகுறது?”

அவரிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. நோக்கியாவின் தடித்த பின், பிறகு வந்த மெல்லிய பின், மினி யூஎஸ்பி, மைக்ரோ யூஎஸ்பி, ஐபாடுக்கு வந்த முப்பது கால் பட்டைப் பின், 2012-ல் அதை வீட்டுக்கு அனுப்பிய லைட்னிங் என்று கைபேசி வரலாறே அதற்குள் சிக்கிக் கிடக்கிறது. சிக்கு எடுப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. எதையும் தூக்கிப் போட மாட்டார். நோக்கியா போனோடு யாராவது வந்து நின்றால் என்ன செய்வது? இதுவரை யாரும் வந்து நிற்கவில்லை என்பது வேறு.

சித்தப்பாவை முழு உருவில் பார்க்க வேண்டுமானால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏறி வழிவிட வேண்டிய இடங்கள் அங்கே உண்டு. அந்த நெரிசலில் சித்தப்பா நிதானமாக நின்று, சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கேபிளின் கழுத்தையும் வளைத்துப் பார்ப்பார். கழுத்து மடங்கும் இடத்தில் ரப்பர் சட்டை நீளமாக இருக்கிறதா, பின் ஆடுகிறதா என்று ஒரு சோதனை. இதை யாரும் குறை சொல்ல முடியாது. கேபிள் சாகும் இடம் பெரும்பாலும் அந்தக் கழுத்துதான்.

“தம்பி, இந்த அடாப்டர் எத்தனை வாட்?”

“அறுபத்தஞ்சு சார்.”

“யாரோட அறுபத்தஞ்சு?”

கடைப் பையன் முதலாளியைத் திரும்பிப் பார்ப்பான். கேள்வி கிறுக்குத்தனமாகத் தோன்றினாலும் அதில் விஷயம் இருக்கிறது. அடாப்டரும் போனும் முதலில் ஒன்றோடொன்று பேசி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகுதான் வேகமாகச் சார்ஜ் ஏறும். இருவருக்கும் பொதுவான பாஷை வேண்டும். யூஎஸ்பி பவர் டெலிவரி என்பது எல்லோருக்குமான பாஷை. ஓப்போ 2014-லேயே வூக் என்று தனி பாஷை வைத்துக்கொண்டது. சாம்சங்கின் அதிவேகச் சார்ஜுக்குப் பவர் டெலிவரியிலேயே பிபிஎஸ் என்ற உட்பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். பாஷை புரியாவிட்டால் அறுபத்தைந்து வாட் அடாப்டர் பத்து, பதினைந்து வாட்டோடு அடங்கிவிடும். போட்டிருப்பது பொய்யில்லை, உங்கள் போனுக்கு அது இல்லை, அவ்வளவுதான். “பெரிய சார்ஜர் போட்டா போன் வெடிச்சிடாதா?” என்று அத்தை கேட்டதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. நல்ல அடாப்டராக இருந்தால் போன் கேட்டதற்கு மேல் ஒரு சொட்டு கொடுக்காது. அத்தை நம்பவில்லை, அவர் இன்னும் பழைய சார்ஜரில் மூன்று மணி நேரம் போடுகிறார்.

நல்ல அடாப்டர் எது என்பதற்கும் சித்தப்பா வழி வைத்திருக்கிறார். அடாப்டரும் பவர் பேங்க்கும் இந்தியாவில் பிஐஎஸ் பதிவு பெறாமல் விற்கக் கூடாதவை. ‘ஆர்’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் உடம்பிலேயே அச்சாகி இருக்க வேண்டும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் யாருடைய எண், எந்தப் பொருளுக்கானது என்று வந்துவிடும். கடை வாசலிலேயே மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எறும்பு எழுத்தைப் படித்து, ஒவ்வொரு இலக்கமாகத் தட்டுவார். பின்னால் வரிசை வளரும்.

“கேரண்டி உண்டா தம்பி?”

“செக்கிங் கேரண்டி சார்.”

அதாவது இங்கேயே சொருகிப் பார்த்துக்கொள்ளலாம், படி இறங்கிவிட்டால் உங்கள் பாடு. இவ்வளவு நேர்மையான உத்தரவாதம் வேறு எந்த வியாபாரத்திலும் கிடையாது.

கண்ணாடி ஒட்டும் கடையில்தான் அவருக்குப் பொறுமை சோதிக்கப்படும். “9எச் சார், என்ன கீறினாலும் விழாது” என்று பையன் தன் பைக் சாவிக் கொத்தை எடுத்துப் பரபரவென்று கீறிக் காட்டுவான். கூட்டம் அசந்து போகும், சித்தப்பா அசைய மாட்டார். 9எச் என்பது பென்சில் கணக்கு. ஒரு பரப்பின் கெட்டித்தன்மையைப் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை உண்டு. மிருதுவான 9பி-யில் தொடங்கி 9எச் வரை போகும். கடைசிப் பென்சிலுக்கும் கோடு விழாவிட்டால் 9எச். ஜன்னல் கண்ணாடிகூட அந்தப் பரீட்சையில் தேறிவிடும். பித்தளைச் சாவி எந்தக் கண்ணாடியையும் கீறாது. கீறுவது மணல். தாதுக்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்திய மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஐந்தரை, ஆறு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. “மெரினா போயிட்டு வந்த பேன்ட் பையில ரெண்டு பருக்கை இருந்தா போதும் தம்பி.” பையன் அதற்குள் அடுத்த போனைத் துடைக்க ஆரம்பித்திருப்பான்.

அதற்கப்புறம் ‘டி’ விவகாரம். முதலில் 2.5டி கண்ணாடி வந்தது. ஓரம் சற்றே வளைந்திருப்பதைச் சொல்ல வந்த சொல், ஓரளவு அர்த்தம் இருந்தது. பிறகு 5டி, 6டி, 9டி. இப்போது 11டி. எட்வர்ட் விட்டன் 1995-ல் முன்வைத்த எம்-கோட்பாடு சரியாக நடப்பதற்குப் பேரண்டத்துக்குப் பதினொரு பரிமாணம் தேவைப்படுகிறது. இயற்பியலாளர்கள் இன்னும் நிரூபிக்கப் போராடும் அதே பதினொன்றை ரிச்சி தெருவில் நூறு ரூபாய்க்குள், குமிழி இல்லாமல் ஒட்டித் தருகிறார்கள்.

கவர் விஷயத்தில் சித்தப்பா ராணுவத்தையும் விடுவதில்லை. ‘மிலிட்டரி கிரேட்’ என்று அட்டையில் போட்டிருந்தால் எந்த மிலிட்டரி என்று கேட்பார். அது அமெரிக்க ராணுவத்தின் எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்ற சோதனை விதிமுறை. அதில் வரும் விழுத்தல் சோதனையில் பொருளைச் சுமார் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இருபத்தாறு தடவை கீழே போட வேண்டும். இருபத்தாறையும் ஒரே உருப்படி தாங்க வேண்டும் என்பதில்லை. ஐந்து உருப்படிகள் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். விழுவதும் ஒட்டுப்பலகை மேல். நம் வீட்டுப் போன்கள் விழுவதோ கிரானைட் படியில், பைக் டேங்க்கிலிருந்து தார் ரோட்டில், மிச்சம் இருந்தால் கிணற்றடியில். கவர் செய்கிற நிறுவனமே தன் சோதனையைத் தானே நடத்தி முத்திரையையும் தானே போட்டுக்கொள்ளலாம் என்பதை அவர் சொல்லும்போது குரல் தாழ்ந்து, ரகசியத் தகவல் தோரணை வந்துவிடும்.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு வாங்குவது என்னவோ எல்லோரும் வாங்கும் கண்ணாடிக் கவர்தான். போனின் நிறம் தெரியட்டும் என்று வாங்குவது. டிபியூ என்ற அந்தப் பிளாஸ்டிக் வெயிலும் சூடும் பட்டுச் சில மாதத்தில் மஞ்சளாகிவிடும். அதற்குள் உள்ளே ஒரு பத்து ரூபாய் நோட்டு, குலதெய்வம் படம், மெட்ரோ கார்டு, எதற்கோ ரசீது ஆகியவை குடியேறியிருக்கும். போனின் நிறத்தைப் பெட்டியின் படத்தில்தான் பார்க்க முடியும்.

பவர் பேங்க்குக்கு வருவோம், ஏனென்றால் அவர் சண்டை போட்டது இதற்காக மட்டும்தான். 20,000 எம்ஏஎச் என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே வருவது 5 வோல்ட். வோல்ட் ஏறினால் எம்ஏஎச் இறங்கும். மாற்றும்போது சூடாகப் போவது போக, கையில் கிடைப்பது பன்னிரண்டாயிரம், பதின்மூன்றாயிரம். இந்த உண்மையும் முதுகுப் பக்கத்தில், ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று பொடி எழுத்தில் இருக்கும். “முகத்துல ஒண்ணு, முதுகுல ஒண்ணா?” என்று கடைக்காரரிடம் கேட்டார். அவர், “எல்லா கம்பெனியும் அப்படித்தான் சார்” என்றார். இருவர் சொன்னதும் சரி என்பதால் சண்டை நீண்டது.

அதே முதுகில் இருக்கும் வாட்-அவர் எண்ணைப் படிப்பவர் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். விமானத்தில் நூறு வாட்-அவர் வரை கைப்பையில் எடுத்துப் போகலாம். சரக்கில் போடும் பெட்டிக்குள் எதுவானாலும் கூடாது. அவருடையது எழுபத்து நான்கு. மச்சினர் சிங்கப்பூர் கிளம்பியபோது மீனம்பாக்கம் வரை கூடவே போய், கட்டிய பெட்டியைப் பிரிக்க வைத்து, ஊறுகாய் பாட்டிலுக்கு அடியிலிருந்து பவர் பேங்க்கை எடுத்துக் கையில் கொடுத்தார். மச்சினர் மனைவி இன்றுவரை அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

சறுக்கலும் உண்டு. தாம்பரம் மின்சார ரயிலில், போனின் சார்ஜ் ஓட்டையில் சொருகினால் சுற்றும் குட்டி விசிறி ஒன்றை ஐம்பது ரூபாய்க்கு வாங்கிவிட்டார். பதிவு எண் பார்க்கவில்லை, முதுகைப் படிக்கவில்லை. வேர்த்திருந்தது, வாங்கிவிட்டார். சித்தி அதைப் பூஜை அலமாரிப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார்.

டேப்லெட் வந்த பிறகு வழக்குகள் சிக்கலாகிவிட்டன. அண்ணன் மகள் பத்தாம் தலைமுறை ஐபேட் வாங்கி, வரைவதற்குப் பென்சில் கேட்டாள். 2022-ல் வந்த அந்த ஐபேடில் இருப்பது டைப்-சி துளை. அதற்கு ஆப்பிள் அன்று பரிந்துரைத்ததோ 2015-ல் வந்த முதல் தலைமுறைப் பென்சில்; அதன் வாலில் இருப்பது லைட்னிங். ஒன்று இன்னொன்றுக்குள் போகாது. நடுவில் ஒரு குட்டி அடாப்டர், அதற்கொரு கேபிள். அடுத்த ஆண்டு டைப்-சி பென்சில் வந்தது, சார்ஜ் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அழுத்தினால் கோடு தடிக்கும் வித்தை அதில் இல்லை. 2024-ல் பென்சில் ப்ரோ வந்தது, இந்த ஐபேடுக்கு ஆகாது. சித்தப்பா ஒரு தாளில் எந்தப் பென்சில் எதற்குச் சேரும், எதற்குச் சேராது என்று கட்டம் போட்டு எழுதினார். அண்ணன் தாளை எட்டிப் பார்த்து, “யாருக்குடா ஜாதகம்?” என்றார்.

இடையில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு காரியம் செய்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன், டேப்லெட் எல்லாவற்றிலும் கம்பிச் சார்ஜுக்கு டைப்-சிதான் என்று சட்டம் போட்டது. ஆப்பிள் அதற்கு முன்பே, 2023-ல் ஐபோன் 15-ல், லைட்னிங்கைக் கைவிட்டிருந்தது. உலகம் முழுக்க ஒரே பின். பிஸ்கட் டின்னுக்கும் சித்தப்பாவுக்கும் இனி வேலை இருக்காது என்று குடும்பத்தில் பரவலாக ஒரு நிம்மதி.

நிம்மதி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. முன்பு கேபிள் மாறினால் சொருகவே முடியாது, குழந்தைக்கும் தெரிந்துவிடும். இப்போது எல்லாம் எல்லாவற்றிலும் நுழைகிறது. நுழைந்த பிறகு ஒன்று லேப்டாப்புக்கே சார்ஜ் ஏற்றுகிறது, ஒன்று போனுக்கே முனகுகிறது, ஒன்றில் போட்டோ போகவே மாட்டேன் என்கிறது. முனையில் இருபத்து நான்கு தொடுபுள்ளிகளுக்கு இடம் உண்டு. எத்தனைக்குக் கம்பி இழுத்திருக்கிறார்கள் என்பது செய்தவருக்குத்தான் வெளிச்சம். அறுபது வாட்டுக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே தன்னை அடையாளம் சொல்லும் ஒரு சில்லு வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு வயர்.

ராத்திரி எட்டரைக்கு மருமகள் கூப்பிட்டாள். “சித்தப்பா, ஆன்லைன்ல நூத்தி இருபது ரூபாய்க்கு ஒரு கேபிள் இருக்கு. இப்போ எல்லாமே டைப்-சிதானே, எதை வாங்கினா என்ன?”

சித்தப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பி, “தோசையை இப்போ ஊத்தாதே, பத்து மணி ஆகும்” என்றார்.