உச்ச ஸ்தாயியில் ஒட்டு வேலை

கே: மூத்த ஹெவி மெட்டல் பாடகர்களின் லைவ் ஆல்பத்தில் லைவ் எவ்வளவு, ஒட்டு எவ்வளவு?
– மெட்டல் பிரியர், மணவாள நகர்

ப: ஊர் இரைச்சல் போதாதென்று வீட்டிலும் மெட்டலா? உங்கள் காதுக்கு ஆயுசு நூறு!

ஒட்டு வேலைக்குப் பேர்போனது ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ‘அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்’ (1979) லைவ் ஆல்பம். கச்சேரி நடந்தது டோக்கியோவில். பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்குத் தொண்டை மக்கர் செய்ய, பிறகு ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தார். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே ரசிகர்கள் ‘அன்லீஷ்ட் இன் தி ஸ்டுடியோ’ என்று பெயர்சூட்டு விழா நடத்திவிட்டார்கள். வயதின் மேல் பழி போடாதீர்கள், அந்தக் கச்சேரியின்போது அவருக்கு 27தான்!

அயர்ன் மெய்டன் குழுவின் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் வேறு ரகம். 2008 பிப்ரவரி 1, மும்பையில் கச்சேரி. அவருக்கு வயது 49. அந்தச் சுற்றுப்பயணத்தில் குழுவின் போயிங் 757 விமானத்தை ஓட்டியவரும் அவரே. ‘ஃப்ளைட் 666’ (2009) லைவ் ஆல்பத்தில் மும்பைக்குக் கிடைத்த பாட்டு ‘ஏசஸ் ஹை’. போர் விமானிகளைப் பற்றியது. பைலட்டே பாடும்போது யார் குறை சொல்வது? பின்னால் கேட்கும் இரைச்சல் நம்மூர்க்காரர்களுடையது.

நம் சபா பதிவுகளில் தாளம் போடும் மாமாவின் தொடைச் சத்தம் சாட்சி சொல்லும். மெட்டலில் அந்த வசதி இல்லை. ஒன்று கவனியுங்கள்: உச்ச ஸ்தாயி வரும் நேரம் பார்த்து, பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறாரா? அக்மார்க் லைவ், தைரியமாக வாங்கலாம்.